இங்கிலாந்திலும் வேல்சிலும் துப்பாக்கிக் குற்றங்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் துப்பாக்கிக் குற்றங்கள் என்னும் இக்கட்டுரை, ஐக்கிய இராச்சியத்தின் இவ்விரு நாடுகளிலும் துப்பாக்கி கொண்டு செய்யப்பட்டதாகக் காவல்துறை பதிவு செய்யும் குற்றங்களையும், அவற்றுக்குப் பயன்படும் சட்டவிரோதத் துப்பாக்கிகளின் புழக்கத்தையும் பற்றியது ஆகும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிப் புள்ளிவிவரங்கள் உள்ளன. ஆகவே அவை தேவையான இடங்களில் மட்டுமே இங்கு குறிப்பிடப்படுகின்றன.

துப்பாக்கி உரிமைக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் விதித்துள்ள நாடுகளில் ஐக்கிய இராச்சியமும் ஒன்று. அதனால் உலகின் பிற பகுதிகளில் துப்பாக்கிச் சட்டம் குறித்து விவாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் அந்நாட்டின் எண்களையே மேற்கோள் காட்டுகின்றனர். துப்பாக்கிக் குற்றம் கூடியதா குறைந்ததா என்பது முதற் கேள்வி. சட்டவிரோதத் துப்பாக்கிகள் எத்தனை உள்ளன என்பது அடுத்த கேள்வி. எதை எண்ணினார்கள் என்று அறியாமல் முதற் கேள்விக்கு விடை கூற இயலாது. இரண்டாம் கேள்விக்கு நேரடி எண் எதுவும் இல்லை. ஆனால் பயன்படுத்தப்படும் துப்பாக்கிகளே தம்மைப் பற்றிய தடயங்களை விட்டுச் செல்கின்றன.

சட்டப் பின்னணி

கைத்துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த 1903 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அதன் பிடி மிகவும் தளர்வானது. இன்றைய முறைக்கு அடிப்படை 1920 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் சட்டம் ஆகும். முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ஆயுதங்களும், உருசியப் புரட்சியை ஒட்டி எழுந்த அச்சமும் இச்சட்டத்துக்குப் பின்னணியாக இருந்தன. இதன்படி துப்பாக்கி வைத்திருக்க விரும்புபவர் தக்க காரணம் காட்டிக் காவல்துறைத் தலைவரிடம் சான்றிதழ் பெறவேண்டும். பின்னர் வந்த சட்டங்கள் 1968 இல் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. பல திருத்தங்களுடன் அச்சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது.

பெரிய திருத்தங்கள் இரண்டும் பெருங்கொலைகளின் பின்னரே வந்தன. 1987 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கர்ஃபோர்டு நகரில் ஒருவர் 16 பேரைச் சுட்டுக் கொன்று பின்பு தம்மையும் மாய்த்துக்கொண்டார். அதைத் தொடர்ந்து 1988 இல் பெரும்பாலான அரைத் தானியங்கி ரைபிள்கள் தடைசெய்யப்பட்டன. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். இரு நிகழ்வுகளிலும் கொலையாளி உரிமம் பெற்ற துப்பாக்கிகளையே பயன்படுத்தினார். டன்பிளேனுக்குப் பின் 1997 இல் அடுத்தடுத்து இயற்றப்பட்ட இரு சட்டங்கள் ஏறத்தாழ எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் பெரிய பிரித்தானியாவில் தடைசெய்தன. வட அயர்லாந்துக்கு இத்தடை பொருந்தாது. சுமார் 57,000 பேர் ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகளை இழப்பீடு பெற்று ஒப்படைத்தனர்.

தடைசெய்யப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதற்கு, வயது வந்தோருக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறைத்தண்டனை என்பது குற்றவியல் நீதிச் சட்டம், 2003 மூலம் நடைமுறைக்கு வந்தது.

எது "துப்பாக்கிக் குற்றம்"?

இங்குதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. துப்பாக்கி சுடப்பட்டால் மட்டும் அல்ல, அதைக் கொண்டு ஒருவரை அடித்தாலும், காட்டி மிரட்டினாலும் அது "பயன்படுத்தப்பட்டது" என்றே பதிவாகும். கடையில் புகுந்து சட்டைக்குள் இருப்பது துப்பாக்கி என்று கூறிப் பணம் பறித்தவனின் குற்றமும், பாதிக்கப்பட்டவர் அதை உண்மை என நம்பியிருந்தால், இக்கணக்கில் சேரலாம். விளையாட்டுத் துப்பாக்கி, போலித் துப்பாக்கி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. மறுபுறம், ஒருவர் வீட்டில் சட்டவிரோதத் துப்பாக்கி கண்டெடுக்கப்படுவது இக்கணக்கில் வராது. அது உடைமைக் குற்றம் எனத் தனியே எண்ணப்படுகிறது.

1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை விரிவானது ஆகையால் கண்ணீர்ப்புகைத் தெளிப்பான்களும் மின்னதிர்ச்சிக் கருவிகளும்கூட "பிற துப்பாக்கிகள்" என்ற பிரிவில் இடம்பெறுகின்றன. தலைப்புச் செய்தியைப் படிக்கும் பொதுமக்கள் இவற்றைத் துப்பாக்கி என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

காற்றுத் துப்பாக்கி ஒரு தனிச் சிக்கல். 2003-04 ஆண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) பதிவான மொத்தக் குற்றங்கள் 24,094. அவற்றுள் 13,756 காற்றுத் துப்பாக்கி கொண்டு செய்யப்பட்டவை. சன்னல் கண்ணாடி உடைத்தல் போன்ற சொத்துச் சேதங்கள் அவற்றில் பெரும்பங்கு வகித்தன. எஞ்சிய 10,338 குற்றங்களைத்தான் பலரும் "துப்பாக்கிக் குற்றம்" என்ற சொல்லால் கருதுகின்றனர். ஒரே ஆண்டுக்கு ஒருவர் 24,000 என்றும் மற்றொருவர் 10,000 என்றும் எழுதினால், இருவருமே பொய் கூறவில்லை.

காயங்களின் வகைப்பாட்டையும் அறிந்திருத்தல் நன்று. குண்டு உடலுள் புகுந்த காயம், எலும்பு முறிவு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்த காயம் முதலியவை "கடுங்காயம்" ஆகும். 2011 மார்ச் 29 அன்று தென் இலண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில், எதிர்க்கும்பலைச் சேர்ந்த ஒருவனைத் துரத்திவந்த இளைஞர்கள் ஒரு கடைக்குள் சுட்டனர். அங்கு விளையாடிக்கொண்டிருந்த, இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த 5 வயதுச் சிறுமியின் மார்பில் குண்டு பாய்ந்தது. அவள் உயிர் பிழைத்தாள். ஆனால் நடக்கும் ஆற்றலை இழந்தாள். கடையில் இருந்த மற்றொருவரும் முகத்தில் காயமுற்றார். 2012 இல் மூவருக்கு ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது. தேசிய அட்டவணையில் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இத்தகைய பாதிப்பும், சில வாரங்களில் ஆறிவிடும் எலும்பு முறிவும் ஒரே நிரலில்தான் எண்ணப்படுகின்றன.

எண்ணிக்கையின் போக்கு

காற்றுத் துப்பாக்கிகளைத் தவிர்த்த குற்றங்கள் 2005-06 இல் சுமார் 11,000 என்ற உச்சத்தை எட்டின. அதன்பின் தொடர்ந்து இறங்கி 2013-14 இல் 5,000 க்கும் கீழே வந்தன. 2010களின் இறுதியில் 6,500 அளவுக்கு ஏறி, பெருந்தொற்று முடக்கம் நிலவிய 2020-21 இல் மீண்டும் தாழ்ந்தன. இக்குற்றங்கள் நாடு முழுவதும் பரவலாக நிகழ்பவை அல்ல. இலண்டன் மாநகரம், பர்மிங்காமை உள்ளடக்கிய மேற்கு மிட்லண்ட்ஸ், பெரிய மான்செஸ்டர் ஆகிய மூன்று காவல் வட்டாரங்களிலேயே ஏறத்தாழ பாதி பதிவாகி வந்துள்ளன.

சுட்டுக் கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 2001-02 இல் 97 ஆக இருந்தது. 2010களில் அது பெரும்பாலும் 20 முதல் 40 வரை அமைந்தது. சுமார் 6 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்புக்கு இது மிகக் குறைந்த எண் ஆகும். ஒப்பீட்டுக்கு, ஏறத்தாழ 33 கோடி மக்கள் வாழும் ஐக்கிய அமெரிக்காவில் 2021 இல் சுட்டுக் கொல்லப்பட்டோர் சுமார் 21,000 பேர்.

எண் சிறிதாக இருப்பதில் ஓர் இடர் உண்டு. கொலைகள் 20 இலிருந்து 30 ஆனால் நாளேடுகள் "50 விழுக்காடு உயர்வு" என்று எழுதும். ஒரே மனிதர் ஒரே நாளில் செய்த கொலைகளால்கூட அவ்வுயர்வு நேர்ந்திருக்கலாம். எனவே ஓர் ஆண்டை அடுத்த ஆண்டுடன் ஒப்பிடுவதைவிட, ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமானது.

கைத்துப்பாக்கித் தடை குறித்த வாதம்

தடைக்குப் பின் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் இரட்டிப்பாயின என்பது பரவலாகக் கூறப்படும் கூற்று. எண்கள் அவ்வாறே காட்டுகின்றன. 1997-98 இல் சுமார் 2,600 ஆக இருந்தவை 2001-02 இல் சுமார் 5,900 ஆயின. ஆனால் இவ்வாதத்தை முன்வைப்போர் வரைபடத்தை அவ்வாண்டிலேயே வெட்டிவிடுகின்றனர். 2012-13 வாக்கில் அதே எண் 2,500 க்கும் கீழே இறங்கிவிட்டது. ஏற்றத்துக்குத் தடை காரணம் என்றால் இறக்கத்துக்கும் அதையே காரணமாகக் கூற வேண்டிவரும்.

இதில் கவனிக்கவேண்டியவை பல. குற்றங்களை எண்ணும் விதிகள் 1998 இல் விரிவாக்கப்பட்டன. 2002 ஏப்ரலில் தேசியக் குற்றப்பதிவுத் தரநிலை நடைமுறைக்கு வந்தது. இதன்படி, எதிரான சான்று இல்லாதவரை பாதிக்கப்பட்டவரின் கூற்றை ஏற்றுக் குற்றத்தைப் பதிவு செய்யவேண்டும். அளவுகோலை இடையில் நீட்டிவிட்டு, பொருள் வளர்ந்ததா சுருங்கியதா என்று கேட்பது போன்ற நிலை இது. மேலும் "கைத்துப்பாக்கி" என்று பதிவானவற்றில், கைத்துப்பாக்கி எனப் பாதிக்கப்பட்டவர் நம்பியவையும், வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியிலிருந்து மாற்றியமைக்கப்பட்டவையும் கலந்திருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1997 இல் ஒப்படைக்கப்பட்டவை விளையாட்டுச் சங்க உறுப்பினர்கள் முதலிய உரிமதாரர்களுடையவை. தெருக்கும்பல்களின் கையில் இருந்தவை வேறு. முதல் தொகுதியை அகற்றுவதால் இரண்டாம் தொகுதி உடனே குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. தடையின் நோக்கம் டன்பிளேன் போன்ற நிகழ்வைத் தடுப்பது. அந்நோக்கத்தைக் கொள்ளை வழக்குகளின் எண்ணிக்கை கொண்டு அளப்பது, இக்கட்டுரையாளரின் கருத்தில், தவறான உரைகல் ஆகும்.

சட்டவிரோதத் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன?

ஏறத்தாழ ஒவ்வொரு சட்டவிரோதத் துப்பாக்கியும் எங்கோ ஒரு காலத்தில் சட்டப்படி தயாரிக்கப்பட்டதே. சட்ட வணிகத்தின் எந்த விரிசல் வழியாக அது கசிந்தது என்பதே கேள்வி. பிரித்தானியாவில் இவ்விரிசல்கள் காலந்தோறும் இடம் மாறி வந்துள்ளன. ஒன்றை அடைத்தால் வேறொன்று திறக்கிறது.

முதலாவது, மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கிகள். அழுத்தக் காற்றை அடைத்த தோட்டாவைப் பயன்படுத்தும் ஒருவகைக் காற்றுத் துப்பாக்கி 1990களில் உரிமமின்றி விற்பனையானது. "புரோகாக்" என்ற வணிகப் பெயரால் இது பரவலாக அறியப்பட்டது. உண்மைத் தோட்டா சுடும்படி இது எளிதில் மாற்றப்படுவது கண்டறியப்பட்டதால், 2004 இல் தடைசெய்யப்பட்டது. பின்னர் "ஒலிம்பிக் .380 பிபிஎம்" எனப்படும் இத்தாலிய வெற்றுத் தோட்டாக் கைத்துப்பாக்கி அவ்விடத்தைப் பிடித்தது. 2010 இல் அதற்கும் ஒப்படைப்புக் காலம் அறிவிக்கப்பட்டு, வைத்திருத்தல் குற்றமாக்கப்பட்டது. துருக்கியில் தயாரான, மேற்புறம் வாயு வெளியேறும் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிகளுக்காக 2025 பிப்ரவரியில் இதே நடைமுறை மீண்டும் கையாளப்பட்டது.

ஒரே மனிதரால் எவ்வளவு தீங்கு விளையலாம் என்பதற்கு ஒரு வழக்கு சான்றாகும். 2004 இல் ஒருவர், ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்துக்கு வேண்டும் எனக் கூறி, வெற்றுத் தோட்டா மட்டுமே சுடக்கூடிய 90 "மாக்-10" போலி இயந்திரத் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கினார். அவை பெர்க்‌ஷயர் மாவட்டத்தில் ஒரு தோட்டக் கொட்டகையில் உண்மை ஆயுதங்களாக மாற்றப்பட்டன. அங்கிருந்து சென்ற துப்பாக்கிகள் 50 க்கும் மேற்பட்ட துப்பாக்கிச் சூடுகளுடனும் 8 கொலைகளுடனும் தொடர்புபடுத்தப்பட்டன. 2008 இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போதும் அவற்றில் பல துப்பாக்கிகள் மீட்கப்படாமல் இருந்தன.

இரண்டாவது, பழைய துப்பாக்கிகள். 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அரும்பொருளாகவோ அழகுப் பொருளாகவோ வைத்திருக்கும் தொன்மையான துப்பாக்கிகளுக்கு விலக்களித்தது. அவற்றுக்கு ஏற்ற தோட்டாக்கள் கடையில் கிடைக்கா என்பதே இதன் அடிப்படை. கிளாஸ்டர் அருகே வாழ்ந்த, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவர் அத்தோட்டாக்களைக் கையாலேயே செய்து, பழைய சுழல் கைத்துப்பாக்கிகளுடன் சேர்த்துக் குற்றக் கும்பல்களுக்குக் கிடைக்கச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட குற்ற இடங்கள் அவருடைய சரக்குடன் தொடர்புபடுத்தப்பட்டன. 2011 கலவரத்தின்போது பர்மிங்காமில் காவல்துறை உலங்கு வானூர்தியை நோக்கிச் சுட்டதும் அவற்றுள் ஒன்று. 2017 இல் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எந்தெந்தத் தோட்டா அளவுகளுக்கான துப்பாக்கிகளைத் தொன்மையானவை எனக் கொள்ளலாம் என்பதை 2021 இல் இயற்றப்பட்ட விதிகள் வரையறுத்தன.

மூன்றாவது, கடத்தல். 2015 ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தின் மெட்வே ஆற்றுப் பகுதிக்கு ஒரு படகில் வந்த 22 தாக்குதல் ரைபிள்களும் 9 "ஸ்கார்பியன்" குறு இயந்திரத் துப்பாக்கிகளும் கைப்பற்றப்பட்டன. அது பிரித்தானியப் பெருநிலத்தில் கைப்பற்றப்பட்ட மிகப்பெரிய ஆயுதக் கடத்தல்களுள் ஒன்று. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் செயலிழக்கச் செய்யப்பட்டதாக விற்கப்பட்டு, பின்பு மீண்டும் உயிரூட்டப்பட்ட ஆயுதங்கள் அக்காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் கவலை தருவனவாக இருந்தன. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியம் செயலிழப்பு முறைக்குப் பொதுத் தரத்தை வகுத்தது.

உரிமதாரர்களிடமிருந்து திருடப்படும் சிதறல் துப்பாக்கிகளும் ஒரு வழி. முப்பரிமாண அச்சிட்ட துப்பாக்கிகள் செய்திகளில் அதிகம் இடம்பெறினும், மேற்கூறிய வழிகளோடு ஒப்பிட அவை இன்னும் புதியவை.

எண்ண முடியாததை எண்ணுதல்

உரிமம் உள்ள துப்பாக்கிகளின் தொகை தெரியும். 2020 மார்ச்சு நிலவரப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிதறல் துப்பாக்கிகளும், சுமார் 6 இலட்சம் ரைபிள் முதலிய பிற துப்பாக்கிகளும் பதிவில் இருந்தன. சட்டவிரோதத் துப்பாக்கிகளுக்கு இத்தகைய பதிவேடு இருக்க இயலாது. 1990களில் வெளியான மதிப்பீடுகள் சில இலட்சங்களில் தொடங்கி நாற்பது இலட்சம் வரை வேறுபட்டன. இத்துணை அகன்ற மதிப்பீட்டை மதிப்பீடு என்று அழைப்பதே கடினம். 2003 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பொது மன்னிப்புக் காலத்தில் 43,908 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் மறைந்த உறவினரின் பரணில் கிடந்த துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுப்பவரும், அதைத் தொழிலுக்கு வைத்திருப்பவரும் வெவ்வேறு மனிதர்கள்.

பயனுள்ள விடை 2008 இல் தொடங்கப்பட்ட தேசிய எறிபொருள் தடய உளவுச் சேவையிடமிருந்து வந்தது. இதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் நாபிஸ் ஆகும். ஒரு துப்பாக்கி சுடும்போது அதன் ஊசியும் குழலும் தோட்டாக் கூட்டிலும் குண்டிலும் நுண்ணிய கீறல்களை விடுகின்றன. இக்கீறல்களின் படிமங்கள் கணினித் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுப் பழையவற்றுடன் ஒப்பிடப்படுகின்றன. கணினி தருவது ஒத்திருக்கக்கூடியவற்றின் பட்டியல் மட்டுமே. இறுதி முடிவை நுண்ணோக்கியில் பார்த்து வல்லுநரே கூறவேண்டும். இம்முறையின் சிறப்பு, கைக்குக் கிடைக்காத துப்பாக்கியையும் எண்ண முடிவதாகும். இரு வேறு நகரங்களில் கிடைத்த தோட்டாக் கூடுகளில் ஒரே கீறல் காணப்பட்டால், யாரும் கண்டிராத ஒரு துப்பாக்கி அங்கே உள்ளது என்று முடிவு செய்யலாம். இவ்வாறு "ஊகித்தறியப்பட்ட துப்பாக்கி" என ஒரு பதிவு தொடங்கப்படும். துப்பாக்கி பிடிபடும் நாளில் அப்பதிவு மூடப்படும்.

இத்தடயங்கள் காட்டிய ஒன்று, சில துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறிப் பயன்படுகின்றன என்பதாகும். 2011 ஆகஸ்ட் 4 அன்று இலண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் காவல்துறையினர் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். நாடு தழுவிய கலவரத்துக்கு வித்திட்ட நிகழ்வு அது. அவ்விடத்தருகே கிடைத்த மாற்றியமைக்கப்பட்ட கைத்துப்பாக்கி, ஆறு நாள் முன்னர் ஒரு முடிதிருத்தும் கடையில் வேறொருவரால் மற்றொருவரை அடிக்கப் பயன்பட்டதாகும். தோட்டா கிடைப்பது துப்பாக்கி கிடைப்பதைவிட அரிது. கையால் செய்த தோட்டாக்களும் அளவு பொருந்தாத தோட்டாக்களும் அடிக்கடி கைப்பற்றப்படுவது அதனால்தான்.

ஐந்தாண்டுத் தண்டனைக்கு அஞ்சிக் கும்பல் தலைவர்கள் துப்பாக்கியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. பெண் தோழிகளும் வயதில் இளையோரும் அதைக் "காத்து வைக்கும்" நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். பிறரைக் கொண்டு ஆயுதத்தை மறைத்து வைப்பது 2006 ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2007 ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூலில், கால்பந்துப் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய 11 வயதுச் சிறுவன், தன்னைக் குறிவைக்காத குண்டுக்குப் பலியானான். பயன்பட்ட சுழல் கைத்துப்பாக்கி முதல் உலகப் போர்க் காலத்தது. கொலைக்குப் பின் அது வேறோர் இளைஞனின் வீட்டில் மறைத்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் பழமையான துப்பாக்கியும் நன்கு இயங்கியது என்பதால், புதிய வரத்தை மட்டும் நிறுத்தினால் புழக்கம் தானே வற்றிவிடும் என்று கொள்ள இயலாது.

உரிமம் பெற்ற துப்பாக்கிகள்

அன்றாடத் துப்பாக்கிக் குற்றத்தில் உரிமதாரர்களின் பங்கு மிகச் சிறிது. ஆனால் ஒரே நாளில் பலர் கொல்லப்பட்ட பெருநிகழ்வுகளில் நிலைமை தலைகீழானது. 2010 சூன் 2 அன்று கம்பிரியாவில் 12 பேரைக் கொன்றவர் உரிமம் பெற்ற சிதறல் துப்பாக்கியையும் .22 ரைபிளையும் பயன்படுத்தினார். 2021 ஆகஸ்ட் 12 அன்று பிளிமத் நகரின் கீயம் பகுதியில் 5 பேரைக் கொன்ற இளைஞரிடமிருந்து சிதறல் துப்பாக்கியும் சான்றிதழும் ஒரு தாக்குதல் புகாருக்குப் பின் பறிமுதல் செய்யப்பட்டிருந்தன. கொலைகளுக்குச் சில வாரங்கள் முன்பே அவை அவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2023 இல் முடிவுற்ற இறப்பு விசாரணையில் அப்பகுதிக் காவல்துறையின் உரிமப் பிரிவில் கடுமையான தவறுகள் நிகழ்ந்ததாக நடுவர் குழு கண்டது. இடைப்பட்ட காலத்தில், 2021 நவம்பரில், விண்ணப்பதாரரின் மருத்துவத் தகவலைப் பெறாமல் துப்பாக்கிச் சான்றிதழ் வழங்கலாகாது என்னும் சட்டமுறை வழிகாட்டுதலை உள்துறை அமைச்சகம் நடைமுறைப்படுத்தியது.